தலைவர் காரின் இடது பக்கம்

1

இந்தக் கதை என் காரின் மேல் விழுந்த புறா எச்சத்தில் தொடங்கியது. இதைவிடக் கௌரவமான தொடக்கம் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. தைவானின் தைச்சுங் நகரில் மழை பொய்த்த வருடம். குழாயைத் திறந்தால் பாதி நாள் காற்றுதான் வந்தது. கார் கழுவும் கடைகளை மூடச் சொல்லிவிட்டார்கள். எங்கள் தெருவில் திறந்திருந்தது யென் பெய்லிங்கின் கடை மட்டும். 'ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பளபளப்பு' என்று வாசலில் பலகை. மருந்தைத் தெளிப்பாள், அழுக்கு ஊறியதும் மெத்தென்ற துணியை ஒரே போக்கில் இழுப்பாள், உடனே துணியின் புதுப் பக்கத்தைத் திருப்பிக்கொள்வாள். கீறலே விழாது.

(புறாவுக்கு இனி இங்கே வேலையில்லை. பறந்து போகட்டும்.)

2

'சோகம் ததும்பும் கண்களை உடைய பெய்லிங்...' என்று எழுதி அடித்துவிட்டேன். அந்தக் கண்களுக்குச் சோகமெல்லாம் தெரியாது. அடுத்தவர் பம்பரில் இருக்கும் அழுக்குதான் தெரியும். அதைப் பாதியில் விட்டுவர அவளால் முடியாது.

அந்த வருடம் சுத்தமான கார் வைத்திருப்பதே மானக்கேடாகிவிட்டது. 'திருட்டுத்தனமா கிணத்துத் தண்ணி ஊத்துறா' என்று தெரு பேசியது. வட்டத் தலைவர் ஷீ ஒரு முடிவுக்கு வந்தார். கோயில் மைதானத்தில், எல்லோர் கண்ணெதிரிலும், அவருடைய கறுப்புக் காரை அவள் துடைக்க வேண்டும். தண்ணீர் என்று தெரிந்தால் கடைக்குப் பூட்டு.

தலைவருக்குச் சொந்தச் சிக்கலும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். கார் மின்ன வேண்டும். அடுத்த மாதம் தேர்தல். கார் மின்னக் கூடாது.

3

காரின் இடது பக்கம் முடிந்திருந்தது. மீன் உருண்டை சூப் விற்கும் சாய் அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கிண்ணம் கழுவத் தண்ணீர் இல்லாமல் கடையைச் சாத்தியிருந்த கோபம் அவளுக்கு.

"ஏண்டி, பாட்டில்ல என்ன?"

"மருந்துக்கா."

"பொடியா?"

"இல்ல... தண்ணி மாதிரி."

"தண்ணி மாதிரியா, தண்ணியா?"

முதல் வரைவில் இந்த இடத்தில் அவளைப் பொய் சொல்ல வைத்தேன். கூட்டம் கைதட்டியது. ஆனால் பொய் சொன்ன பெய்லிங் அடுத்த வரியில் துணியைத் தொடவே மறுத்தாள். நானும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். நகரவில்லை. ஆகவே:

"முக்கால்வாசி தண்ணிதான்க்கா. ஒரு காருக்கு ஒரு டம்ளர் ஆகும்."

"அப்ப பலகையில என்னடி எழுதியிருக்க?"

"டம்ளர்னு எழுதினா எவன் வருவான்?"

"நிறுத்து!" என்றார் தலைவர்.

"கடையை மூடுறேன் தலைவரே. இதை மட்டும் முடிச்சுடறேன். இப்படி விட்டா எனக்குச் சோறு இறங்காது."

"இன்னும் அரை டம்ளர் ஊத்துவியா? விடமாட்டோம்!" என்றது கூட்டத்தில் பாதி.

"சம்பந்தி வர்றப்ப தலைவர் இப்படியா போவாரு?" என்றது மறுபாதி.

சண்டை முற்றியது. தலைவர் மட்டும் காரைச் சுற்றி வந்தார். இடது பக்கத்தில் அவர் முகம் தெரிந்தது. வலது பக்கத்தில் தூசிதான். இன்னொரு முறை சுற்றினார். முகம் மலர்ந்தது.

"இதுவே இருக்கட்டும்."

(என் வீட்டில் இதை யாரும் நம்பவில்லை. தேர்தலில் நின்றவர்கள் நம்புவார்கள்.)

ஞாயிறன்று சந்தைத் தெருவில் மெதுவாக ஓட்டிப் போனார். அந்த ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும், அதனால் நடைபாதை மக்களுக்குத் தூசிப் பக்கம். பெண் பார்க்கும் விடுதி வாசலில் காரைத் திருப்பி நிறுத்தினார். மாப்பிள்ளை வீட்டாருக்கு மினுங்கும் பக்கம். இரு தரப்பும் அவரை மெச்சியது. பெய்லிங்கின் கடைக்கு அவரே அனுமதி கொடுத்தார்: காருக்கு அரை டம்ளர், அரைக் கார்.

4

மழையைப் பெய்ய வைத்து முடிக்கலாம். ஆனால் தண்ணீரைக் காட்டித் தப்பிப்பது இந்தக் கதைக்குச் செய்யும் துரோகம். சாய் அக்கா அந்த மருந்தில் கிண்ணம் கழுவிக் கடையைத் திறப்பதாகவும் எழுதினேன். யாராவது குடித்துத் தொலைப்பார்கள் என்று கிழித்துவிட்டேன்.

இதோ, திங்கட்கிழமை. கடை முன்னால் வரிசையாகக் கார்கள். முதலில் பல் டாக்டர் லூ.

"எனக்கும் பாதி போதும்மா. வலது பக்கம் கையே வைக்காதே."

"பாதி வேலை எனக்குப் பழக்கமில்லீங்க."

"பழகிக்கோடி," என்றாள் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த சாய் அக்கா. "முழுசாத் துடைச்சே, நானே போய்த் தலைவர்கிட்ட சொல்லுவேன்."

பெய்லிங் பானெட்டின் நடுவரை வந்துவிட்டாள். அவள் கை தூசியும் பளபளப்பும் பிரியும் கோட்டின் மேல் நிற்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கமும் கொஞ்சம் தெளித்திருக்கிறாள். தவறியா, வேண்டுமென்றா என்று என்னிடம் சொல்ல மறுக்கிறாள். டாக்டர் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சாய் அக்கா தும்மக் கண்ணை மூடுகிறாள்.

நான் பேனாவை மூடிவிட்டேன். அவள் உங்களைத்தான் பார்க்கிறாள். துடைக்கட்டுமா, விடட்டுமா? சீக்கிரம் சொல்லுங்கள், மருந்து காய்கிறது.