பேய் வீட்டின் எடை

அந்த வருஷம் பேய் வீட்டை ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பிய லாரி, வந்தபோது இருந்ததைவிட இரண்டு சிமெண்ட் மூட்டை அளவுக்கு எடை கூடியிருந்தது. வந்ததும் போனதும் அதே தகரங்கள், அதே சவப்பெட்டி, அதே கண்ணாடிகள். டிரைவரும் அதே டிரைவர்தான். ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் கொஞ்சம் இளைத்துக்கூட இருந்தார். பொருட்காட்சித் திடலுக்குள் வரும் வண்டிகளைப் போகும்போதும் எடைபோட வேண்டும் என்று நகராட்சியில் ஒரு விதி உண்டு. திடலிலிருந்து மண் அள்ளிப் போகிறார்கள் என்று யாரோ எப்போதோ கிளப்பிவிட்ட புகாரால் வந்த விதி அது. எடைமேடையில் வேலை பார்த்தவள் லாரியைக் கீழே இறக்கி மறுபடி ஏற்றச் சொன்னாள். எடை மாறவில்லை. தார்ப்பாயை அவிழ்த்துப் பார்த்தார்கள், ஒரு பிடி மண் இல்லை. மேடைக்கு வயசாகிவிட்டது போல என்று டிரைவர் சொன்னதை அவளும் ஒப்புக்கொண்டு வண்டியை அனுப்பிவிட்டாள். மேடை நன்றாகத்தான் இருந்தது.

நடந்தது இதுதான். பள்ளிக்கூடங்களுக்கு நீண்ட விடுமுறை விடும் மாதங்களில் அந்தத் திடலில் பொருட்காட்சி நடக்கும், ராட்டினத்துக்கும் துப்பாக்கி சுடும் கடைக்கும் நடுவே பேய் வீடு நிற்கும். தகரங்களின் முதுகில் சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து வரிசையாக முடுக்கினால் ஒரே பகலில் வீடு எழும்பிவிடும். உள்ளே சவப்பெட்டி அறைக்கும் கண்ணாடி அறைக்கும் நடுவில் ஓர் இருட்டு வளைவு. அங்கே நிற்பவன் எலும்பன். எலும்புக்கூடு வேஷம் போடுகிற அவன் உண்மையில் நல்ல சதைப்பிடிப்பான ஆள். கறுப்புச் சட்டையில் வரைந்த விலா எலும்புகள் தொப்பை மேல் தாராளமாக விரிந்திருக்கும். பெயிண்டரும் அவனேதான், ஏனென்றால் அந்த முதலாளியிடம் பேயாக மட்டும் இருந்து காலம் தள்ள முடியாது. அந்த வருஷம் மழையில் வேலை தள்ளிப்போய், திறப்பு நாள் காலையில் வளைவுக்கு அடிக்கக் கறுப்புப் பெயிண்ட் பற்றாமல் போயிற்று. கடைக்கு ஓட நேரமில்லை என்று முதலாளி கத்தினார். எலும்பன் சுவரொட்டி ஒட்ட வைத்திருந்த பசையை மிச்சப் பெயிண்டில் கொட்டி, பிளாஸ்டிக் தொடை எலும்பு ஒன்றால் கலக்கி, அடித்து முடித்தான். சாயங்காலம் வாசல் திறந்தபோது சுவர் ஈரமாகவும் இல்லை, காய்ந்தும் இல்லை. சட்டையில் கறையோடு வெளியே வந்து சண்டை போட்டவர்களிடம், அது பேயின் ரத்தம், துவைத்தாலும் போகாது என்று முதலாளி ஒலிபெருக்கியில் சொல்லிச் சமாளித்தார். அன்றைக்கு அந்த வளைவில் ஊர்க்காரர்கள் போட்ட அலறல்கள் எல்லாம் சுவரில் ஒட்டிக்கொண்டன.

அலறல் மட்டும் ஒட்டியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கூடவே பயமும் போய் ஒட்டிக்கொண்டது. லாரியில் ஏறிய எடை அதுதான். முதல் நாள் உள்ளே போய்வந்தவர்களுக்கு அதன்பிறகு எதைக் கண்டும் பயம் வரவில்லை. ஒரு வங்கிக் காசாளர் மேலாளர் அறைக்குப் போய் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு வேறு வேலை தேடத் தொடங்கினார். பல் மருத்துவரின் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் வாயைத் திறந்தபடியே தூங்கிப்போனார்கள். எடைமேடைக்காரியின் ஒரே மகளும் முதல் நாள் போனவள்தான். பதினேழு வயது. கூட வரச் சொல்லி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். தனக்கு இருட்டு ஆகாது, நீங்கள் போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டு, மகளின் பையையும் அவள் தோழியின் பையையும் வாங்கிக்கொண்டு அம்மா வெளியிலேயே நின்றுவிட்டாள். பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிற பெண், அதற்கு அடுத்த வாரம் ஒரு பல்லியை வாலைப் பிடித்துத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே விட்டாள். பெண் வளர்ந்துவிட்டாள் என்று வீட்டில் பெருமைப்பட்டார்கள்.

பொருட்காட்சி போய் சில மாதங்கள் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முன்பெல்லாம் லேசாக உடம்பு சுட்டாலே அம்மாவின் மடியை விடமாட்டாள், தனக்கு என்னவோ ஆகப்போகிறது என்று வீட்டையே ரெண்டாக்குவாள். இந்தத் தடவை அவள் முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. "ஒண்ணும் இல்லம்மா, நீ வேலைக்குப் போ" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பெண்ணே பயப்படவில்லையே, பெரிதாக என்ன இருக்கப்போகிறது என்று அம்மாவும் போனாள். மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, இவ்வளவு தாமதமாகவா வருவது என்று டாக்டர் கேட்டார். மகள் கடைசிவரை பயப்படவே இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் அதையே ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனார்கள், அம்மாவுக்கு அது ஆறுதலாகப் படவில்லை.

அடுத்த வருஷம் லாரி வந்தது, அதே கூடுதல் எடையோடு. டிரைவர் காதில் பஞ்சு வைத்திருந்தார். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் பின்னால் தகரங்கள் அலறுகின்றன என்றும், பழகிவிட்டது என்றும் சொன்னார். வீட்டை முடுக்கியதும் விஷயம் ஊருக்குத் தெரிந்தது: ஆள் நடந்தால் தகரம் அதிரும், தகரம் அதிர்ந்தால் போன வருஷத்து அலறல்கள் வரிசையாக வெளியே வரும். கூட்டம் அலைமோதியது. அவரவர் அலறலைக் கேட்க அவரவர் வந்தார்கள். மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்த ஒரு காண்ட்ராக்டரின் அலறல் பூனைக்குட்டிச் சத்தம் போல இருந்ததை ஊரே கேட்டு ரசித்தது. எலும்பனுக்கு வேலையே இல்லை, சும்மா நின்றால் போதும். மகளோடு முதல் வருஷம் உள்ளே போன தோழி ஒரு நாள் எடைமேடைக்கு வந்து, எடைமேடைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கேட்டுக் கேட்டுத்தான் விஷயத்தை வாங்க வேண்டியிருந்தது. வளைவில் மூன்றாவது தகரத்தில் அவள் மகளின் குரல் இருக்கிறது.

இருட்டு ஆகாதவள் அன்று சாயங்காலமே டிக்கெட் வாங்கி உள்ளே போனாள். சவப்பெட்டி மூடி திறந்ததையோ தலைக்கு மேல் ஏதோ உரசியதையோ அவள் கவனிக்கவில்லை. வளைவில் கால் வைத்ததும் தகரம் அதிர்ந்தது. "அம்மா!" என்றது. அவள் மகள்தான். மூச்சு வாங்க, பக்கத்தில் யாருமே இல்லாத குரலில் கூப்பிட்டாள். அம்மா இருட்டில் தகரத்தைப் பிடித்துக்கொண்டு, இங்கேதான் இருக்கிறேன் என்று சொன்னாள். சுவர் காய்ந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது, அதற்குக் காது கேட்கவில்லை. அடுத்து வந்தவனின் காலடிக்கு மறுபடி "அம்மா!" என்றது. பாதையில் யாரும் நிற்கக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பான உத்தரவு. எலும்பன் அவளை நகர்த்தாமல், பின்னால் வந்தவர்களைச் சுற்றிப் போகச் சொன்னான்.

தினமும் போனாள். வீட்டில் இதைச் சொன்னபோது கணவன் எழுந்து போய்விட்டான். எடைமேடைக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருந்த அவன், மகள் போனதிலிருந்து டயரைத் தவிர எதையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. திரும்பி வந்து ஒன்றே ஒன்று சொன்னான். "அது அவ இல்லடி. அவளோட பயம். அவ்வளவுதான்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றாள் அவள். "அவகிட்ட இருந்ததுல அது ஒண்ணுதான் மிச்சம். அது ராப்பகலா அங்க நின்னு கத்திட்டு இருக்கு. பக்கத்துல நான் இல்ல."

அந்தத் தகரத்தைத் தந்துவிடும்படி முதலாளியிடம் கேட்டாள். ஒரு தகரத்தை எடுத்தால் ஓட்டை விழும், ஓட்டை விழுந்தால் வெளிச்சம் வரும், வெளிச்சம் வந்தால் கடையை மூட வேண்டியதுதான் என்றார் அவர். அதுவுமில்லாமல் அந்த வீட்டிலேயே நல்ல அலறல் அதுதான் என்று, யாரிடம் பேசுகிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டு, தெரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் தரவில்லை. சீசன் முடிய அதிக நாள் இல்லை. அதன்பிறகு லாரி, வேறு ஊர்கள், மழைக்காலம் முழுக்க ஒரு பூட்டிய கிடங்கு. தன் மகள் அந்தக் கிடங்கில் எலி ஓடும்போதெல்லாம் கத்துவாள் என்ற நினைப்பு அவளைத் தூங்கவிடவில்லை.

வழி சொன்னவன் எலும்பன். பசை கலந்தவன் அவன்தானே, அந்த உறுத்தல் அவனுக்கும் இருந்தது. "சுவர் கேக்காதுக்கா. ஆனா ஒட்டும். நீங்க சொல்ல வேண்டியதைப் பக்கத்துலயே ஒட்டிடலாம்" என்றான். முதலாளி சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த மத்தியான வேளையில், மூன்றாவது தகரத்தை அடுத்த இடத்தில் ஒரு முழ அகலத்துக்குப் பசையும் பெயிண்டும் கலந்து அடித்தான். அவள் உதட்டை வைக்காத குறையாக நெருங்கி நின்று சொன்னாள். அது நிற்கவில்லை. பெயிண்டோடு பெயிண்டாக வழிந்து, அடித் தகரத்தில் போய்ச் சேர்ந்து, சாயங்காலம் வந்தவர்களின் கால் பக்கம் யாரோ வாய்க்குள் முணுமுணுப்பது போலக் கேட்டது. இரண்டாம் தடவை அடித்தும் அப்படியே ஆயிற்று. அவள் அன்று வீட்டுக்கு வந்து சமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். கணவன் என்ன என்று கேட்டான். அவள் சொன்னாள். அவன் பஞ்சர் பசை காய்ந்திருந்த விரல்களை ஒன்றோடொன்று தேய்த்தான்.

"ஈரத்துல ஒட்டினா எதுவும் வழுக்கிட்டுத்தான் போகும்" என்றான். "பசை தடவினா காத்திருக்கணும். விரல் வெச்சா ஒட்டணும், விரலோட வரக் கூடாது. அந்த நேரம் ரொம்பக் கொஞ்சந்தான். உனக்குத் தெரியாது. நான் வரேன்."

மறுநாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வந்தான். வளைவில் அவன் கால் பட்டதும் தகரம் "அம்மா!" என்றது. அவன் நின்றான், சுவரில் சாய்ந்துகொண்டான், முந்தின நாள் பெயிண்ட் பட்டுச் சட்டையெல்லாம் கறுப்பானது. பயந்துபோனால் அப்பா என்று கூப்பிட்டதே இல்லை, அவள் எப்போதும் அம்மாவைத்தான் கூப்பிடுவாள் என்று எலும்பனிடம் சொன்னான். எலும்பன் பெயிண்டை அடித்தான். மூன்று பேரும் இருட்டில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். கணவன் அடிக்கொரு தரம் எழுந்து, ட்யூபில் ஒட்டுப்போடுகிற அதே நிதானத்தோடு விரலை வைத்துப் பார்த்தான். கடைசியில் ஒரு தடவை விரலை எடுத்துவிட்டு மனைவியின் தோளைத் தொட்டான். அவள் எழுந்து, அதட்டாமல், அழாமல், அடுக்களையிலிருந்து பதில் சொல்லும் குரலில் சொன்னாள்: "இங்கதான்டி இருக்கேன். பயப்படாம வா."

ஒட்டிக்கொண்டது. அன்று சாயங்காலத்திலிருந்து "அம்மா!" வந்ததும் அந்தப் பதிலும் வந்தது. முதலாளி வந்து கேட்டுவிட்டு, வியாபாரம் கெட்டது என்று தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் சுரண்டச் சொல்லவில்லை. சுவரில் ஒட்டியது ஆளிடம் தங்காது என்பதை அவள் மறந்திருந்தாள், அல்லது தெரிந்தே செய்தாள். அதன்பிறகு 'இங்கதான் இருக்கேன்' என்ற வார்த்தைகள் அவள் வாயில் வரவே இல்லை. கணவன் வேறு அறையிலிருந்து கூப்பிட்டால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வந்து வாசற்படியில் நிற்பாள். அவனும் அதற்குப் பழகிக்கொண்டான். சீசன் முடிந்து லாரி கிளம்பியபோது அவளே எடைபோட்டு அனுப்பினாள், மேடையை விட்டு இறங்கியதும் தார்ப்பாய்க்குள்ளிருந்து மகள் கூப்பிடுவதும் தான் பதில் சொல்வதும் சாலை வளைவுவரை கேட்டது.

மூன்றாம் வருஷம் லாரி வந்தபோது எடையில் வித்தியாசம் தெரியவில்லை. அந்த மேடை பத்து கிலோவுக்குக் குறைந்ததை மதிக்காது. அவள் உள்ளே போய் வளைவில் நின்றாள். காண்ட்ராக்டர் கத்தினார், காசாளர் கத்தினார், மூன்றாவது தகரம் மட்டும் பேசவில்லை. காலை ஓங்கித் தரையில் உதைத்தாள். எதுவும் வரவில்லை. நாலைந்து ஊர் தள்ளிப் போனபோதே சத்தம் குறையத் தொடங்கியது என்றான் எலும்பன். பிறகு அலறலாக இல்லாமல் துண்டு எடுத்துத் தரச் சொல்லிக் கூப்பிடுவது போல ஆயிற்றாம். கிடங்கைப் பூட்டிய அன்று கடைசியாக ஒரு தடவை, அதன்பிறகு இல்லையாம். அவள் அந்தத் தகரத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பயம் போய்விட்டதே என்று நிம்மதியாக இருந்தது, போனதோடு மகளும் முழுசாகப் போய்விட்டாளே என்று நெஞ்சு வெடித்தது. இரண்டும் ஒரே அழுகையில் வந்தன. கணவன் வெளியே நின்றிருந்தான். அவள் சொன்னதும், சரி என்றான். இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

பேய் வீடு இப்போதும் வருஷா வருஷம் வருகிறது. பழைய அலறல்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டன, காண்ட்ராக்டருடையது உதிர்ந்தபோது அவர் ஊருக்கெல்லாம் இனிப்பு கொடுத்தார். வளைவில் ஒட்டியிருக்கும் பதில் மட்டும் இருக்கிறது. பெரியவர்கள் எவ்வளவு அதிர நடந்தாலும் அது வாயைத் திறக்காது. ஏதாவது குழந்தை அங்கே பயந்துபோய் அம்மா என்று கத்தினால்தான், "இங்கதான்டி இருக்கேன். பயப்படாம வா" என்று வரும். பையன்கள் கத்தினாலும் 'டி' போட்டுத்தான் வரும், எந்தப் பையனும் இதுவரை அதைக் குறையாகச் சொன்னதில்லை. வெளியே வந்ததும் குழந்தைகள் நேராகத் தங்கள் அம்மாவிடம் ஓடிப்போய், நீயும் உள்ளே வந்தாயா என்று கேட்கிறார்கள். பெரும்பாலான அம்மாக்கள் ஆமாம் என்றே சொல்லிவிடுகிறார்கள்.