குதிரையேறின நாளைக்கு எட்டு

உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த தொர்சுன் மாமா பாதியில் கூடாரத்தை விட்டு வெளியே வந்து, ஈரக் கையை நீட்டி ஜிபாரின் உள்ளங்கையில் எதையோ வைத்தார்.

"உங்கப்பன் கன்னத்துக்குள்ள இருந்துச்சும்மா" என்றார். அதற்கு மேல் நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

குருத். உப்புப் போட்ட தயிரை உருட்டி வெயிலில் காயவைத்த உருண்டை. பாதி கரைந்து, பல் பட்ட தடத்தோடு இருந்தது. ஜிபார் அதைக் கைக்குட்டையில் முடிந்து மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அழுகை வரவில்லை. வந்ததெல்லாம் ஆத்திரம்தான்.

இருபதடி தள்ளி, இறந்தவரின் மூத்த மகன் நிற்க வேண்டிய இடத்தில், கம்பை ஊன்றியபடி அவளுடைய அண்ணன் மெலிஸ் நின்றிருந்தான். தலைநகரத்து ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோய்ப் பிரிவுக்கே தலைவன். துக்க வீட்டுக்கும் பாலிஷ் போட்ட ஷூவில்தான் வந்திருந்தான். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் இரண்டு நாளாக ஒரே பாட்டு. அப்பாவுக்கு வாய்க்கட்டு இல்லையாம். ஒளித்து வைத்து இனிப்புத் தின்றாராம். ஊர் நர்ஸ் சாய்ரா அதற்கு உடந்தையாம். அவள்மேல் புகார் எழுதப் போகிறானாம். சாவு வீட்டு வாசலைக்கூட மிதிக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தான். சாய்ரா வந்திருந்தாள். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

அப்பா கசிமாலிக்கு எழுபத்தெட்டு வயது. கோடையில் மலைமேல் ஆடு மேய்ப்பவர். சர்க்கரை நோய் வந்த புதிதில் சாய்ரா மூன்று நாள் அவரோடு குதிரையேறிச் சுற்றினாள். எப்போது சாப்பிடுகிறார், எத்தனை மேடு ஏறி இறங்குகிறார் என்று பார்த்தாள். காலையில் ஒரு கிண்ணம் புளித்த குதிரைப்பால், அவ்வளவுதான். ஆடுகளைப் பட்டியில் அடைத்த பிறகுதான் இறைச்சியும் ரொட்டியும். பார்வை மங்கல், இன்சுலின் ஊசிப் பேனாவில் எண் தெரியாது. அதைத் திருகும்போது எழும் 'டக், டக்' சத்தத்தை எண்ணிப் போட்டுக்கொள்ளப் பழக்கினாள். வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாளில் பன்னிரண்டு, குதிரையேறும் நாளில் எட்டு. பையில் எப்போதும் நாலு சர்க்கரைக் கட்டி, சர்க்கரை இறங்கினால் வாயில் போட. சர்க்கரை அளவு, அங்கே அளக்கும் கணக்கில், ஒன்பது பத்து என்று நின்றால் போதும், குதிரையிலிருந்து விழாமல் இருந்தால் அதைவிடப் பெரிய வைத்தியம் இல்லை என்பாள். ஏழு வருஷம் அப்பா விழவே இல்லை.

போன மாதம் அண்ணன் துரை வந்து இறங்கினார். பத்து என்ற எண்ணைப் பார்த்ததும் மெலிஸுக்கு அவமானமாகப் போய்விட்டது. தன் வார்டில் ஏழுக்கு மேல் யாரும் கிடையாது என்று சாய்ராவை ஊர் பார்க்கத் திட்டினான். அச்சடித்த ஒரு தாளை நீட்டினான். காலை பதினெட்டு, மாலை பதினெட்டு. ஊரில் சர்க்கரை நோய் உள்ள பன்னிரண்டு பேருக்கும் அதே தாள். ஆடு மேய்ப்பவனுக்கும் சரி, கால் விழுந்து படுத்துக் கிடப்பவனுக்கும் சரி, பதினெட்டு. யாரையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தாளில் கையெழுத்து மட்டும் பெரிதாகப் போட்டான்.

அப்பாவின் பையிலிருந்த சர்க்கரைக் கட்டிகளை எடுத்து நாய்க்கு எறிந்தான். "குடிகாரன் பையில பாட்டில் வச்சிருக்க மாதிரி இருக்கு. வாய் ஊறிச்சுன்னா குருத்தைப் போட்டு அடக்குங்கப்பா" என்றான். அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பெரிய டாக்டர் மகன் சொல்லிவிட்டானே என்ற பெருமை அவருக்கு. 

மலைச்சரிவில் அப்பாவைக் கண்டெடுத்தது ஜிபார்தான். குதிரை பக்கத்திலேயே நின்றது. சாய்ரா பாய்ந்து வந்து விரலில் குத்திப் பார்த்தபோது, நாலுக்குக் கீழே இறங்கக் கூடாத எண் கருவியில் ஒன்று என்று காட்டியது. ஊசியில் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. கைநடுக்கம் வந்ததும் பழக்கதோஷத்தில் பைக்குள் கைவிட்டிருப்பார் அப்பா. கையில் அகப்பட்டது குருத்.

இதைச் சொன்னபோது மெலிஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "பட்டிக்காட்டு மெஷின் அப்படித்தான் காட்டும். நீ போய் மாவு பிசை" என்றான்.

தொர்சுன் மாமா இன்று காலையும் பதினெட்டு போட்டிருந்தார். கூட்டத்தில் இன்னும் பத்துப் பேர் அதே தாளைப் பையில் வைத்திருந்தார்கள். ஜிபாருக்கு இப்போது அப்பாவைவிட அவர்கள்மேல்தான் கவலை.

கபன் துணி போர்த்தி முடிந்தது. பெண்கள் கூடாரத்துக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். உடல் வெளியே போகுமுன் மகள் கடைசி ஒப்பாரி சொல்ல வேண்டும். அது முடியும்வரை வெளியே ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. மகன் கம்பை ஊன்றிக் குனிந்து நின்று கேட்டே ஆகவேண்டும். மந்திரியே வந்தாலும் அதுதான் முறை.

ஜிபார் அப்பாவின் குதிரையைப் பாடினாள், அவருடைய சிரிப்பைப் பாடினாள். பிறகு குரலை உயர்த்தினாள்.

"உக்காந்த நாளைக்குப் பன்னெண்டு, எங்கப்பா,
குதிரையேறின நாளைக்கு எட்டு.
கூடவே வந்து அளந்தவ வேலிக்கு வெளியே,
அச்சடிச்சுத் தந்தவன் வாசலிலே.
ஊருக்கெல்லாம் பதினெட்டு, எங்கப்பா,
ஒனக்கும் அதே பதினெட்டு.
தேடினது ஒரு சக்கரைக் கட்டி, எங்கப்பா,
வாயில கெடந்தது உப்புக் கட்டி."

 கம்பளிச் சுவரின் இடுக்கு வழியே மெலிஸின் ஷூ மட்டும் தெரிந்தது. அது ஒரு அடி பின்னால் நகர்ந்தது, பிறகு தன் இடத்துக்கே வந்தது. ஓடவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஜிபார் அவசரப்படவில்லை. காது மந்தமானவர்களுக்கும் கேட்கட்டும் என்று அதே வரிகளை மூன்று முறை பாடினாள்.

அடக்கம் செய்துவிட்டு ஆண்கள் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. தொர்சுன் மாமா நேரே வேலிக்குப் போய்ச் சாய்ராவைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

"சாயங்காலத்துக்கு எனக்கு எத்தனைம்மா?"

"மொதல்ல விரலைக் காட்டுங்க. நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றேன் மாமா. என்ன சாப்பிடுறீங்க, எப்பச் சாப்பிடுறீங்கன்னு பாக்கணும்."

அவர் தலையாட்டினார். பையிலிருந்து தாளை எடுத்து நாலாக மடித்து, ஜிபார் சுள்ளி போட்டுக்கொண்டிருந்த தேநீர்க் கொதிகலமான சமோவாரின் நெருப்புக் குழாய்க்குள் செருகினார். சும்மா நெருப்புக்குக் காகிதம் தருகிறவர் போலத்தான் செய்தார். பின்னால் இன்னொருவர் தன் தாளோடு வந்தார். பிறகு ஒரு கிழவி. தண்ணீர் சீக்கிரமே கொதித்தது.

மெலிஸ் விரிப்பின் தலைமாட்டில் தனியாக உட்கார்ந்திருந்தான். இருபுறமும் இடம் காலியாகக் கிடந்தது. ஜிபார் அவனுக்கும் பால் விட்ட தேநீர் கொண்டுபோனாள். கைக்குட்டையை அவிழ்த்து, கோப்பைக்குப் பக்கத்தில் தட்டில் அந்த உருண்டையை வைத்தாள்.

"உங்களுக்குச் சக்கரை வைக்கலண்ணா" என்றாள்.

அவன் கோப்பையைத் தொடவில்லை. தேநீரின்மேல் மெல்ல ஆடை படர்ந்தது.