பன்னிரண்டு நிமிடம்

வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பு. பள்ளி நூலகத்தின் தரையில் நாற்பது பிள்ளைகள் இறைந்து கிடந்தார்கள். ஒருத்தி மல்லாந்து படுத்து, கனத்த விலங்குப் புத்தகம் ஒன்றை வயிற்றின்மேல் நிறுத்திவைத்திருந்தாள். இரண்டு பேர் ஒரே பக்கத்துக்காகச் சண்டை போட்டு, கடைசியில் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சமாதானமாகியிருந்தார்கள். நூலக டீச்சர் யாரையும் அதட்டவில்லை. சன்னலோரம் நின்று, சாலைக்கு அப்பால் கிடந்த கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அதிகம் பேசமாட்டாள். பேசாமல் இருக்கும் நேரத்தில் என்ன நினைக்கிறாள் என்பதும் யாருக்கும் தெரியாது.

அவள் அங்கே வந்த புதிதில் இந்தக் காட்சி இல்லை. அப்போது பெரிய படப் புத்தகங்களெல்லாம் அலமாரியின் உச்சித் தட்டில் இருந்தன. கை படாத இடத்தில் இருந்தால்தான் கிழியாது என்பது பள்ளியின் வழக்கம். கீழ்த்தட்டில் பழைய வினாத்தாள் தொகுப்புகள். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அரைப் பக்கம் சுருக்கம் எழுதித் தர வேண்டும் என்றும் ஒரு விதி. பிள்ளைகள் கதையைப் பார்த்து எடுக்கவில்லை, தடிமனைப் பார்த்து எடுத்தார்கள். எது மெலிசோ அதற்குத்தான் போட்டி.

அந்தச் சுருக்கத் தாள்களை அவள் முதல் மாதமே பீரோவில் வைத்துப் பூட்டினாள். பிடிக்கவில்லை என்றால் பாதியில் மூடிவிடலாம் என்றாள். எழுத்து இருக்கிற எதையும் படிக்கலாம், மருந்துப் பாட்டில் அட்டையானாலும் சரி என்றாள். பிள்ளைகள் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். இதில் ஏதோ வலை இருக்கிறது என்று நினைத்தார்கள்.

உச்சித் தட்டுப் புத்தகங்கள் கீழே வந்தது வேறு காரணத்தால். ஒரு மதியம் நிலம் லேசாக ஒரு குலுக்குக் குலுக்கியது. நாலைந்து நொடிதான். மேலிருந்த அகராதி ஒன்று பெஞ்சின்மேல் விழுந்தது. அந்த இடத்திலிருந்து ஒரு பிள்ளை அப்போதுதான் எழுந்து போயிருந்தது. டீச்சர் அந்த அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மறுநாளே கனமானதெல்லாம் கீழ்த்தட்டுக்கு வந்தது. அலமாரிகளைச் சுவரோடு பிணைக்க இரும்புக் கோணங்கள் வேண்டுமென்று எழுதிக் கேட்டாள். பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை புருஷனையே கூட்டிவந்தாள். அவர் வெல்டர். உன் புத்தகமெல்லாம் என்ன குற்றம் பண்ணிச்சு, இப்படி விலங்கு மாட்டச் சொல்றே என்று கேலி செய்துகொண்டே சுவரில் துளை போட்டார். திங்கட்கிழமை, அனுமதியின்றிச் சுவரில் துளையிட்டதற்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அவள் அதைப் படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள்.

கனமான புத்தகங்கள் கீழே வந்ததும் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் உட்கார்ந்தபடியே திமிங்கிலத்தையும் எரிமலையையும் இழுத்துப் பிரித்தன. மணி அடித்தாலும் எழுந்திருக்க மறுத்தன.

வெள்ளிக்கிழமை வரும் நாற்பது பேரில் பத்து வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்டதால் அவளுக்கு ‘ஏன்’ என்றே பேர். எழுத்து இருக்கிற எதையும் படிக்கலாம் என்ற விதியை எழுத்துக்கு எழுத்து நம்பியவள் அவள்தான். தாழ்வாரத்தில் பரிசுக் கோப்பைகள் வைத்த அலமாரிக்குப் பின்னால் பாதி மறைந்திருந்த சுனாமி அறிவிப்புப் பலகையை, கழுத்தை வளைத்து வளைத்து ஒருநாள் முழுசாகப் படித்துவிட்டு வந்தாள்.

“டீச்சர், நிலம் பலமா ஆடினாலோ ரொம்ப நேரம் ஆடினாலோ, ஆட்டம் நின்னதும் யார் சொல்றதுக்கும் காத்திருக்காம மேட்டுக்குப் போகணும்னு போட்டிருக்கு. நாம ஏன் கிரவுண்டுல நின்னு பேர் குடுக்கறோம்?”

வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் ஒத்திகையில் மணி அடிப்பார்கள். பிள்ளைகள் பெஞ்சுக்கடியில் புகுந்து, பிறகு கடலோர மைதானத்தில் உயரப்படி வரிசையாக நிற்பார்கள். எட்டு வகுப்புக்கும் வருகைப்பதிவு நடக்கும். முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும் என்பதற்காகக் கடலைப் பார்த்தபடி ஒரு படம். அவ்வளவுதான். அதற்கான படிவத்தில், பின்பக்கத்து மேட்டிலுள்ள தண்ணீர்த் தொட்டியை அடைய ஆன நேரம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் பன்னிரண்டு நிமிடம் என்று எழுதுவார்கள். அந்த வருடம் படிவம் எழுதும் பொறுப்பு நூலக டீச்சருடையது.

பழைய கோப்புகளை எடுத்துப் பார்த்தாள். ஒன்பது வருடமாகப் பன்னிரண்டு. ஒரு நிமிடம் கூடவில்லை, குறையவில்லை. யார் நடந்து பார்த்தது என்று வாட்ச்மேனிடம் கேட்டாள்.

“நடக்கறதாவது. முத வருஷம் இதைப் பாத்துக்கிட்ட சார் ஸ்கூட்டர்ல போய்ப் பாத்தாரும்மா. நடுவுல ஒரு டீ குடிச்சாரு. இல்லேன்னா எட்டுதான் வந்திருக்கும்.”

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் நாற்பது பேரையும் கூட்டிக்கொண்டு நடந்தாள். பின்பக்கக் கேட் பூட்டியிருந்தது. பிள்ளைகள் ஓடிவிடக் கூடாது என்று போட்ட பூட்டு. சாவி அலுவலகத்தில், அலுவலக எழுத்தர் சாப்பாட்டில். பெரிய சாலையைச் சுற்றிக்கொண்டு, நூற்று அறுபது படி ஏறித் தொட்டியடிக்குப் போனபோது முப்பத்திநாலு நிமிடம் ஆகியிருந்தது. படிவத்தில் முப்பத்திநாலு என்று எழுதினாள்.

தலைமையாசிரியர் கூப்பிட்டனுப்பினார். கெட்ட மனிதர் இல்லை. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பள்ளிக்கு நல்ல பேர் வாங்கித் தந்தவர். பேர் கெடக் கூடாது என்ற பயத்திலேயே தலை நரைத்தவர். முப்பத்திநாலு என்றால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும், பன்னிரண்டு என்றால் ஒரு கேள்வியும் வராது, ஒன்பது வருடம் வந்ததில்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவளுடைய வேலை தற்காலிகமானது என்றும், அடுத்த மாதக் கடைசியில் நீட்டிப்புத் தாளில் தாம்தான் கையெழுத்திட வேண்டும் என்றும் போகிற போக்கில் நினைவூட்டினார்.

அவள் படிவத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு, “அலை வந்தா அதுகிட்டயும் இந்தப் படிவத்தைக் காட்டிடலாமா சார்?” என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்கு அதிகம் சுட்டது.

பன்னிரண்டு என்று எழுதிய புதுப் படிவம் மேசைக்கு வந்தது. அவள் கையெழுத்துப் போடவில்லை. எழுத்தரைக் கொண்டு போடவைத்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் புருஷன் தட்டைப் பாதியில் தள்ளிவிட்டு, ஊருக்கெல்லாம் இல்லாத அக்கறை உனக்கு மட்டும் எதுக்கு என்று கேட்டார். இந்த வேலைக்காக நீ எத்தனை படி ஏறி இறங்கினே என்றார். அவள் தட்டை எடுத்து வைத்தாள். அந்த வீட்டில் பாதிச் சண்டைகள் இப்படி ஒருவர் மட்டுமே போட்டு முடிவதுதான். கை கழுவிவிட்டு வந்தவர், சற்றுப் பொறுத்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்: “அந்தப் பின்கேட்டு எத்தனை அடி அகலம்?”

மறு வாரம் கேட்டில் பூட்டு இல்லை. உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. வாட்ச்மேன், தனக்குக் கண் கொஞ்சம் மங்கல், கேட்டில் என்ன இருக்கிறதென்று தெரிவதில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். அதன்பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு வகுப்பு, புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு தொட்டியடிக்கு நடந்தது. அங்கே நிழலில் உட்கார்ந்து படித்துவிட்டு இறங்கும். பதிவேட்டில் அவள் வாசிப்பு நேரம் என்று எழுதினாள். அது பொய்யும் அல்ல. மேலே போய்ப் படிக்கிற கதைக்காகவே படியேற அடம்பிடித்தவர்கள் உண்டு. முப்பத்திநாலு பத்தொன்பதானது.

ஐந்தாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாவது பாடவேளையில் நிலம் ஆடியது.

இந்தமுறை குலுக்கல் நிற்கவில்லை. ஏறக்குறைய ஒரு நிமிடம். நூலகத்தில் பிள்ளைகள் மேசைக்கடியில் புகுந்து, மேசைக்காலைப் பிடித்துக்கொண்டார்கள். சுவரோடு பிணைத்த அலமாரிகள் முனகின, விழவில்லை. ஆசிரியர் அறையில் ஒரு பீரோ கவிழ்ந்தது. நல்ல வேளை, அங்கே யாரும் இல்லை. ஆட்டம் நின்றதும் மணி அடித்தது. எல்லோரும் மைதானத்துக்கு ஓடினார்கள். தலைமையாசிரியர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு வரிசை, வரிசை என்றார்.

நூலக டீச்சர் தன் நாற்பது பேரோடு பின்கேட் பக்கம் திரும்பினாள்.

“டீச்சர், வரிசைக்கு வாங்க. வருகைப்பதிவு முடியாம யாரும் நகரக் கூடாது.”

மைதானம் முழுக்கக் கேட்டது. அவள் நின்றாள். நீட்டிப்புத் தாளுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ‘ஏன்’ என்ற அந்தப் பெண் டீச்சர் முகத்தையே பார்த்தாள். இந்தமுறை அவள் எதுவும் கேட்கவில்லை. டீச்சர் திரும்பினாள். அந்தப் பள்ளியில் யாரும் அதுவரை கேட்டிராத குரலில் சொன்னாள்:

“வழி தெரிஞ்சவங்க எல்லாம் என் பின்னாடி வாங்க. பக்கத்துல இருக்கிற சின்னதுங்க கையைப் பிடிச்சுக்கோங்க.”

வரிசைகள் உடைந்தன. வெள்ளிக்கிழமை வழியை அறிந்த பிள்ளைகள் வகுப்பு வகுப்பாகக் கிளம்பினார்கள். பாதிப் பள்ளி அவளோடு போனது. பாதி, ஆசிரியர்களின் அதட்டலுக்குக் கட்டுப்பட்டு நின்றுவிட்டது. தொட்டியடியிலிருந்து பார்த்தபோது மைதானத்தில் அந்த வரிசைகள் சின்னச் சின்னக் கோடுகளாகத் தெரிந்தன. டீச்சர் கடலைப் பார்க்கவில்லை. அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடல் வரவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து, ஆபத்து நீங்கியது என்று அரசு அறிவித்த பிறகே அவள் பிள்ளைகளைக் கீழே இறக்கினாள். ஒரு பிள்ளைக்குக் கணுக்கால் பிசகியிருந்தது. இரண்டு பேர் செருப்பைத் தொலைத்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் சிரிக்கத் தொடங்கியது. டீச்சர் சுற்றுலா கூட்டிப் போனாளாம், அடுத்த தடவை பொட்டலம் கட்டிக் கொடுக்கணுமாம் என்றார்கள். கணுக்கால் பிசகிய பிள்ளையின் அப்பா எழுத்துமூலம் புகார் கொடுத்தார்.

மறுநாள் தலைமையாசிரியர் மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று வேலை நீட்டிப்பு. இன்னொன்று தட்டச்சு செய்த மன்னிப்புக் கடிதம். இதில் கையெழுத்துப் போட்டால் அதில் தாம் போடுவதாகச் சொன்னார். அவள் மன்னிப்புக் கடிதத்தை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தாள். ‘தேவையற்ற பீதியை உண்டாக்கி, ஒழுங்கைக் குலைத்தமைக்கு’ என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

“பீதி யாருக்கும் இல்ல சார். பசங்க நடந்துதான் போனாங்க. நாங்க மேல போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கி உக்காந்த பிறகும், நீங்க கீழ பேர் கூப்பிட்டுக்கிட்டுதான் இருந்தீங்க. ஒண்ணாம் வகுப்பு உங்ககூடத்தான் நின்னுச்சு.”

“தண்ணி வரலையே டீச்சர்.”

“வரலை. தண்ணி வராததுக்கு நான் மன்னிப்பு கேக்க மாட்டேன்.”

அவள் கடிதத்தை மேசையில் வைத்தாள்.

“படி, படின்னு பசங்க உசுரை வாங்கறோம். அந்தப் பொண்ணு படிச்சா. நாம மாட்டி வச்ச பலகையைத்தான் படிச்சா. படிச்சது நிஜம்னு நம்பினா. அப்ப வந்து, அதெல்லாம் சுவத்துக்கு அழகுக்கு, நீ வரிசையில நில்லுன்னா, இனிமே அவ எதை நம்பிப் படிப்பா? வாசிக்கச் சொல்லிட்டு, வாசிச்சபடி நடக்காதேன்னு சொல்ற பெரியவங்க இருக்கிற இடத்துல புத்தகமும் பிழைக்காது சார், புள்ளைங்களும் பிழைக்காது. வேலையை எடுத்துக்கோங்க. அடுத்த தடவை நிலம் ஆடினாலும் இதையேதான் செய்வேன். வேலையில இல்லேன்னா கேட்டுக்கு வெளிய நின்னு கூப்பிடுவேன்.”

தலைமையாசிரியர் வெகுநேரம் பேசவில்லை. அவளும் பேசவில்லை. மௌனத்தில் உட்கார அவளுக்குப் பழக்கம், அவருக்கு இல்லை. முந்தின நாள் வரிசையில் நின்ற ஒன்றாம் வகுப்பை அவர் திரும்பவும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மன்னிப்புக் கடிதத்தை மடித்து மேசைக்குள் தள்ளினார். நீட்டிப்புத் தாளை எடுத்து, எப்போதும் போல் அடியில் மட்டும் பார்க்காமல், மேலிருந்து முழுசாகப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

“ஒண்ணாம் வகுப்புல அறுபது பேர். அந்தப் படிக்கட்டுல எப்படி ஏத்தறது?”

“ஒரு பெரிசுக்கு ஒரு சின்னது சார். பேர் கூப்பிடறதை மேல போய் வச்சுக்கலாம்.”

அவர் தலையாட்டினார். பிறகு, இந்த வெள்ளிக்கிழமை தானும் வருவதாகவும், முட்டி வலி இருப்பதால் தன்னால் எல்லோருக்கும் நேரமாகிவிடும் என்றும் கூச்சத்தோடு சொன்னார்.

“மெதுவாவே ஏறுங்க சார்,” என்றாள் அவள். “நமக்கு அந்த நேரம்தான் தெரியணும்.”