எதிர்ப்பக்கம் மடித்த இலை

இசக்கிசெல்விக்கு அன்று காலையிலிருந்தே எரிச்சல். திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்துக்கு ஐ.டி. வேலைக்கு வந்து ஆறு வருஷம். எவனுக்குப் பிரமோஷன் வந்தாலும், எவளுக்கு நிச்சயம் ஆனாலும் அவள் வயிறு முட்டத் தின்றாக வேண்டும். இப்போது கூட வேலை பார்க்கும் சுனிலின் முறை. ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். அதற்கு ஹைவே ஓரத்து ஹோட்டலில் இலை போட்டு மதிய விருந்து.

அவளுக்கோ வியாழக்கிழமை பரிசோதனை. அண்ணன் மகாராஜாவுக்கு ஈரல் கெட்டுவிட்டது. இவள் ஈரலில் ஒரு பங்கை அவனுக்கு வைக்கலாம். ஆனால் இவளுடையதிலும் கொழுப்பு படிந்திருக்கிறது, ஏழு கிலோ குறைத்துவிட்டு வா என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டினியும் நடையுமாக ஆறு கிலோ இறக்கிவிட்டாள். இன்னும் ஒன்றுதான். கொடுக்க வேறு ஆளும் கிடையாது.

இதை வெளியே சொல்ல அண்ணன் விடவில்லை. பீடியைக்கூடத் தொடாத மனுஷன். ஆனால் ஈரல் என்று வாயெடுத்தாலே ஊர் கேட்பது ஒரே கேள்விதானே! அதற்குப் பயந்து பழவங்காடியில் அவன் வேலை பார்க்கும் கடையில் மஞ்சள் காமாலை என்றே சொல்லி வைத்திருக்கிறான்.

வரமாட்டேன் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். சுனில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். சரி, ஒழிகிறது என்று, வரும் முன்பே ஒரு டப்பா வெள்ளரிக்காயும் சுண்டலும் தின்றுவிட்டு வந்தாள். தோரன், அவியல், ஒரு கரண்டிச் சோறு. அதோடு எழுந்துவிடலாம் என்பது கணக்கு.

“எந்தா செல்வி, கல்யாணம் எனக்கா உனக்கா? மெலிஞ்சு மெலிஞ்சு போறியே!” என்றான் சுனில். திருவனந்தபுரத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழன்.

பக்கத்தில் இருந்த ஆபீஸ் தோழி லிபி விழுந்து விழுந்து சிரித்தாள். என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது!

பரிமாறுகிறவர் இரண்டாம் தடவை சோறு கொண்டுவந்தபோது செல்வி போதும் என்றாள். சுனில் போடச் சொன்னான். பப்படத்தைத் தள்ளி வைத்தாள். லிபி இன்னொன்றை எடுத்து வைத்தாள். கடைசியில் போளி வந்தது. இந்த ஊரில் போளியை இலையில் போட்டு, மேலே பாயசத்தை ஊற்றிப் பிசைந்து தின்பார்கள். செல்வி இரண்டு கையாலும் இலையை மறைத்தாள்.

சுனில் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினான். “சேட்டா, நல்லா விட்டுக் குடுங்க. ஒரு நேரம் தின்னா ஆராவது செத்தா போவாங்க?”

பாயசம் இலை நிறைய ஓடியது.

அவளுக்கு உடம்பெல்லாம் தீப்பற்றியது. கையை உதறி, இலையை ஒரே மடியாக மடித்து அழுத்தினாள். கோபத்தில் கை போன பக்கத்தை அவள் பார்க்கவில்லை. கல்யாணச் சாப்பாடென்றால் இலையைத் தன் பக்கமாக மடிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் மடிப்பது சாவு வீட்டில்தான். தமிழனுக்கும் மலையாளிக்கும் இதில் பேதமில்லை.

சுனில் முகம் கறுத்துவிட்டது. “என் கல்யாணச் சாப்பாட்டுக்கு இப்படியா மடிப்பே?”

“ஆராவது செத்தா போவாங்கன்னு கேட்டியே, எங்க அண்ணன் செத்துப் போவான்!” என்று கத்தினாள். அடுத்த மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஈரல், டாக்டர், வியாழக்கிழமை, பாக்கி இருக்கும் ஒரு கிலோ எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

லிபி வாயில் கை வைத்துக்கொண்டாள். சுனில் மெல்லக் கேட்டான். “அய்யோ, செல்வி... அண்ணன் கொஞ்சம் குடிக்கும், இல்லியா?”

வந்துவிட்டது. அண்ணன் நாலு மாதமாக ஒளிந்து திரிவது இதற்குத்தான்.

“குடிக்கமாட்டான். ஒரு சொட்டு தொட்டதில்ல. இதையும் போய் ஆபீஸ் பூரா சொல்லு.”

அவள் இலையைத் திரும்ப விரித்தாள். ஊறிப்போன போளி மேஜையில் வழிந்தது. அதைப் பொருட்படுத்தாமல் தன் பக்கமாக இழுத்து மடித்தாள்.

“உன் கல்யாணம் நல்லா நடக்கட்டும் சுனிலே. நான் வரமாட்டேன். டாக்டர் என்னை எடுத்துக்கிட்டா, நானும் அண்ணனும் அப்போ ஆஸ்பத்திரியிலதான் கிடப்போம். பாக்க வந்தியானா, தின்ன ஒண்ணும் கொண்டு வந்துராதே.”

கை கழுவப் போய்விட்டாள். சுனிலின் இலையில் பாயசம் அப்படியே கிடந்தது. அவனைத் தின்னச் சொல்ல லிபிக்கு வாய் வரவில்லை.