பசையக்கா ஒட்டிய ரோபோ

காலணிப் பட்டறையில் அவளுக்குப் பசையக்கா என்றுதான் பெயர். பதினெட்டு வருடமாகச் செருப்புக்கும் ஷூவுக்கும் அடிப்பாகம் ஒட்டுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அவள் ஒட்டிய அடி பிய்ந்து வந்ததாக இதுவரை ஒரு புகார் கிடையாது. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. இரண்டு பொருள் சேர்ந்து நிற்கிறது என்றால் நடுவில் பசை இருக்க வேண்டும். பசை இல்லாவிட்டால் அது நிற்கவில்லை, சும்மா சாய்ந்திருக்கிறது என்பது அவள் கட்சி.

அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் அடுக்குமாடிக் கட்டடங்களின் லிஃப்ட் குழிக்குள் இறங்கிக் கிரீஸும் கையுமாக இருப்பார். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவிவிட்டு ரோபோ செய்ய உட்கார்ந்துவிடுவார். ஜப்பான்காரர்களின் அனிமே கார்ட்டூன் தொடர்களில் வருகிற பிரம்மாண்டமான இயந்திர வீரர்கள்தான். மார்புக்குள் ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற ரகம். அதன் சின்ன மாடல்கள் கடையில் அட்டைப் பெட்டியில் கிடைக்கும். பெட்டிக்குள் பிளாஸ்டிக் சட்டங்கள், சட்டங்களில் நூற்றுக்கணக்கான துண்டுகள். ஒவ்வொன்றாக நறுக்கி, வெட்டிய இடத்தைத் தேய்த்து, புத்தகத்தில் உள்ள படத்தைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். முன்னறைக் கண்ணாடி அலமாரியில் மூன்று தட்டுகளில் முப்பத்து மூன்று வீரர்கள் நின்றார்கள். கட்டிலுக்கடியில் இன்னும் பிரிக்காத பெட்டிகள் தங்கள் முறைக்குக் காத்திருந்தன.

பசையக்காவுக்கு இதில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. “உங்க பட்டாளத்தைக் கொஞ்சம் நகர்த்துங்க, தூசி தட்டணும்” என்பதோடு அவள் பங்கு முடிந்தது. அவர் ஏதோ ஒரு ரோபோவின் முட்டியைக் காட்டி ஆசையாக விளக்குவார். அவள் “ம், ம்” என்பாள். எதற்கு ம் போட்டாள் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்த யோசனை வந்தது. அவருக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சட்டை வாங்கிக் கொடுத்து அவளுக்கே அலுத்துவிட்டது. அவருக்கும் அலுத்திருக்கும், பாவம், சொல்லத் தெரியாத மனுஷன். இந்தத் தடவை தன் கையாலேயே ஒரு ரோபோ செய்து அவர் முன்னால் நிறுத்தினால் மனுஷன் அப்படியே வாயைப் பிளந்துவிட மாட்டாரா? நினைக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

புதிதாக வாங்க அவளுக்கு விவரம் பத்தாது. கட்டிலுக்கடியில் இருந்து எடுக்கலாம் என்றால், அவர் வாரத்துக்கு ஒருமுறை அவற்றை வெளியே இழுத்து எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே தள்ளுகிறவர். அதனால் நாற்காலி போட்டுப் பரணில் ஏறினாள். மூலையில், பழைய போர்வையில் சுற்றி, எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பெட்டி இருந்தது. கடையில் போட்ட கண்ணாடித்தாள் உறைகூட அப்படியே இருந்தது. அட்டையில் நீலமும் வெள்ளையுமாக ஒரு ரோபோ கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. வாங்கிப் போட்டுவிட்டு மனுஷன் மறந்தே போய்விட்டார் என்று முடிவு கட்டினாள். எடுத்தால் தெரியப் போவதில்லை. போர்வையை மட்டும் அதே இடத்தில் உருட்டி வைத்துவிட்டு இறங்கினாள்.

மூன்று வாரம் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க இதே வேலைதான். நான்கு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு தன் மேஜைக்கு ஓடிவிடுவாள். ஷூவின் அடிப்பாகத்தைச் சீவுகிற கத்தியாலேயே துண்டுகளை நறுக்கினாள். வெட்டிய தடம் தெரியாமல் சீவுவதற்கு அவளுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? புத்தகம் முழுக்க ஜப்பான் எழுத்து. ஆனால் படம் படமாகப் போட்டிருந்தது, கண் இருந்தால் போதும். ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. துண்டுகளில் சின்னச் சின்ன முளைகளும் துளைகளும் இருந்தன. அழுத்தினால் உள்ளே போய் உட்கார்ந்தன. பசை பற்றிப் படத்தில் ஒன்றுமே இல்லை.

“இவ்வளவு எழுதியிருக்கானே, பசை போடுன்னு எங்கேயாவது எழுதாமலா இருப்பான்?” என்று பக்கத்து மேஜையில் தோல் வெட்டுகிறவளிடம் கேட்டாள்.

“உனக்குச் சொல்லணுமாக்கும்னு விட்டிருப்பான்” என்றாள் தோல் வெட்டுகிறவள்.

அந்தப் பதில் பசையக்காவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு முளையிலும் ஒரு பொட்டுப் பசை வைத்தாள். ஒரு துளி வெளியே பிதுங்கவில்லை. கால் இரண்டும் முடிந்தன, இடுப்பு முடிந்தது, மார்பு, தலை, இடது கை எல்லாம் முடிந்தன. வலது கை மட்டும் பாக்கி. ஒரு ரோபோவை மேஜையில் நிறுத்தி எட்டி நின்று பார்க்கிறபோது வயிற்றுக்குள் குபுக்கென்று ஒரு சந்தோஷம் பொங்குகிறதே, அதற்காகத்தான் அவர் இதைச் செய்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு அவருடைய முட்டி விளக்கத்தைக் கொஞ்சம் கவனித்துக் கேட்டிருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

வியாழக்கிழமை, பட்டறை விட்டதும், அவர் வழக்கமாகப் போகிற மாடல் கடைக்குப் போனாள். ரோபோவை வைத்துக் கொடுக்க ஒரு கண்ணாடிப் பெட்டி வேண்டும். அளவு சொல்லத் தெரியாததால் புத்தகத்தையே கையில் கொண்டுபோயிருந்தாள். கடைக்காரர் இளவயசுக்காரர். “வாங்க அண்ணி!” என்று வாயெல்லாம் பல்லாக எழுந்தார். புத்தகத்தைப் பார்த்ததும் அந்தப் பல்லெல்லாம் உள்ளே போய்விட்டது.

“அண்ணி, இது… அந்தப் பெட்டியில இருந்ததா?”

“பரண்ல சும்மா கிடந்துச்சு. நான் செஞ்சுக்கிட்டிருக்கேன். அவர்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க.”

கடைக்காரர் பேயறைந்த மாதிரி நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். “அது பரண்ல கிடக்கல அண்ணி. அண்ணன் அதை ஒளிச்சு வெச்சிருக்காரு. முதல் முதலா வந்த பதிப்பு அது, இப்ப எங்கேயும் கிடையாது. பதினேழு வருஷமா அவர் அதைப் பிரிக்கவே இல்லை. எத்தனை பேர் வந்து கெஞ்சியிருக்காங்க தெரியுமா? பார்க்கக்கூடத் தர மாட்டாரு.”

“வேற ஒண்ணு வாங்கி வெச்சுடலாமே?”

“இருந்தா நானே ஓடிப்போய் எடுத்துட்டு வரமாட்டேனா?”

பசையக்காவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கண்ணாடிப் பெட்டியை மறந்துவிட்டுக் கடையைவிட்டு வந்தாள். பதினேழு வருடம் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றியதை மூன்றே வாரத்தில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, போதாக்குறைக்கு ஒட்டியும் வைத்திருக்கிறாள். சந்தோஷப்படுத்தப் போய் இப்படியா? நடுத்தெருவில் நின்று தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். எதிரே வந்த சைக்கிள்காரர் ஒதுங்கிப் போனார்.

மறுநாள் அவளுக்குக் கெட்ட புத்தி வந்தது. அதை மறைத்துச் சொல்வானேன்? பட்டறையில் கிடந்த, பாதம் மாதிரி செதுக்கிய மர ஷூ அச்சு இரண்டைக் காலிப் பெட்டிக்குள் போட்டு, மூடி, கண்ணாடித்தாள் சுற்றி, கையில் தூக்கிப் பார்த்தாள். கனம் ஏறக்குறைய சரியாக இருந்தது. போர்வையில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டால் இன்னும் பதினேழு வருடத்துக்குக் கவலை இல்லை. ஆனால் அந்த மனுஷன் என்றைக்காவது ஒருநாள் ஆசையாகப் பிரித்துப் பார்க்கிறபோது உள்ளே இரண்டு கட்டை கிடக்கும். அந்த முகத்தை நினைத்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அச்சுகளை எடுத்து வெளியே போட்டாள். திட்டினால் திட்டட்டும், நேராகவே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள்.

சனிக்கிழமை காலை. அவருக்கு லீவு. ஜன்னலோரம் தன் மேஜையில் உட்கார்ந்து துண்டு நறுக்குகிற நிப்பருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். பசையக்கா பையோடு முன்னால் போய் நின்றாள். ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை.

“என்னங்க, உங்க பிறந்தநாளுக்குன்னு நான் ஒண்ணு செஞ்சேன். அது பெரிய தப்பாப் போச்சு. பரண் மேல இருந்த பெட்டியை நான் பிரிச்சுட்டேன். மறந்துபோய்ப் போட்டிருக்கீங்கன்னு நினைச்சேன். சத்தியமா எனக்குத் தெரியாது.”

அவர் நிப்பரைக் கீழே வைத்தார். பையிலிருந்து ரோபோவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு கை இல்லாமல் அது விறைத்துக்கொண்டிருந்தது. முட்டியை மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. முழங்கையை, இடுப்பை, கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் அசைந்து கொடுக்கவில்லை.

“ஏன் எதுவுமே வளைய மாட்டேங்குது?”

“ஒட்டிட்டேன்.”

“எதை?”

“எல்லாத்தையும்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. ஐயோ, அழவைத்துவிட்டோமே என்று அவள் பதறிக் கிட்டே போனால், மனுஷன் சிரிக்கிறார். மூச்சு வாங்கச் சிரிக்கிறார். “எந்த… எந்தப் பசை?” என்று கேட்டார்.

“பட்டறைப் பசைதான். தோல் கிழியும், ஒட்டு பிரியாது.”

“அதானே!” மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “இந்த உலகத்துலயே நடக்க முடியாத ரோபோ இது ஒண்ணுதான்டீ!” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோபோவை மூக்கருகே கொண்டுபோனார். “ஆனா ஒரு இடத்துல கூடப் பசை வெளிய வரலையே. வெட்டின தடமே தெரியலையே. எனக்கே இப்படி வராது” என்றார்.

அவள் மூச்சு விட்டாள். அப்புறம்தான் அவர் முகம் மாறியது. சிரிப்பெல்லாம் வடிந்து, சின்னப் பிள்ளைக்கு வருகிற மாதிரி ஒரு மனத்தாங்கல் வந்து உட்கார்ந்தது.

“என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?”

“எதுக்கு?”

“பிரிக்கும்போது. பக்கத்துல சும்மா உட்கார்ந்திருப்பேனே. பதினேழு வருஷமா அதைத் தனியாப் பிரிக்க மனசு வரல. முப்பத்து மூணு செஞ்சாச்சு, முப்பத்து மூணும் நானே செஞ்சு நானே பார்த்துக்கிட்டது. இதையாவது யார்கூடயாவது சேர்ந்து செய்யணும்னு வெச்சிருந்தேன். உன்கிட்ட கேக்கக் கூச்சமா இருந்துச்சு. நீ ம்னு சொல்லிடுவ.”

பசையக்காவுக்குச் சுருக்கென்றது. அந்த ம் அவளுக்குத் தெரியாததா? பெட்டியைப் பிரித்ததற்கு அவர் கோபிக்கவில்லை; தன்னை விட்டுவிட்டுப் பிரித்துவிட்டாளே என்றுதான் மனுஷனுக்கு ஆற்றாமை. இதற்கு மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“சரி, கேளுங்க. முதல்ல கண்ணாடித்தாளைக் கத்தியால மெதுவாக் கீறினேன். மூடியைத் தூக்கினதும் உள்ள இருந்த காத்து புஸ்ஸுன்னு வந்துச்சு.”

“என்ன வாசனை?”

“புது ஷூ மாதிரி. ஆனா தோல் வாசம் இல்ல.”

“மேல எந்த நிறச் சட்டம் இருந்துச்சு?”

“வெள்ளை. அதுக்குக் கீழ நீலம். சிவப்பு ஒரே ஒரு சின்னச் சட்டம், தனிப் பையில.”

“தனிப் பையிலயா!” என்று அவர் கிட்டே நகர்ந்தார். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். எந்தத் துண்டு சட்டத்தில் எங்கே இருந்தது, எது கைநழுவித் தரையில் விழுந்து அரைமணி நேரம் தேட வைத்தது, தலையை வைத்த அன்று தோல் வெட்டுகிறவள் கைதட்டியது வரை. அவர் “அப்புறம்? அப்புறம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மேஜையில் இருந்த அவர் காபி ஆறி ஏடு கட்டிவிட்டது. முடிந்தபோது, “வெள்ளைச் சட்டத்துல இருந்து இன்னொரு தடவை சொல்லு” என்றார்.

பிறகு வலது கையைச் செய்தார்கள். சட்டம் அவள் பையில்தான் இருந்தது. அவர் நறுக்கினார், அவள் சீவினாள். முழங்கையைச் சேர்க்கிற இடத்தில் பழக்கதோஷத்தில் அவள் கை தானாகப் பைக்குள் போய்ப் பசை டப்பாவை எடுத்தது. அவர் அந்தக் கையை லபக்கென்று பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம். அழுத்து, போதும்.”

“விழுந்துடுமே?”

“அழுத்திப் பாரேன்.”

அழுத்தினாள். டிக் என்று உட்கார்ந்தது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. குலுக்கிப் பார்த்தாள். மடக்கினால் மடங்கியது, நீட்டினால் நீண்டது.

“ஒட்டாமலே நிக்குதுங்க!” என்று கத்தினாள். பதினெட்டு வருடக் கட்சியை ஒரே நிமிஷத்தில் மாற்றிக்கொள்ள நேர்ந்தால் யாருக்குத்தான் கத்தத் தோன்றாது? தோளில் அந்தக் கையை மாட்டி மேலே தூக்கிவிட்டாள். உடம்பெல்லாம் கட்டையாக, அந்த ஒரு கையை மட்டும் உயர்த்திக்கொண்டு, யாரையோ கூப்பிடுவது போல ரோபோ நின்றது. இருவரும் மறுபடியும் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

அவர் அலமாரியைத் திறந்து நடுத்தட்டின் மத்தியில் இடம் பண்ணி அதை வைக்கப் பார்த்தார். தூக்கிய கை மேல்தட்டில் இடித்தது.

“கையை இறக்கிடுங்க, அது ஒண்ணுதானே இறங்கும்” என்றாள்.

“நீ தூக்கின கையை நான் ஏன் இறக்கணும்?”

மேல்தட்டில் நின்ற பதினொரு வீரர்களையும் ஒவ்வொருவராக எடுத்து அவள் மடியில் கொடுத்தார். மடி நிறைந்ததும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக நிறுத்தச் சொன்னார். பிறகு மேல்தட்டுக் கண்ணாடியையே கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.