ஐம்பதுக்குக் கீழே

மாத்திரை டப்பாவை எடுத்து வந்து, கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினாள் அத்தை. கிழமைக்கு ஒன்றாக அறைகள் வைத்த பிளாஸ்டிக் டப்பா. நேற்றைய அறையில் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை அப்படியே கிடந்தது.

"நல்லா பாருங்க. என் தம்பிக்கு நேத்து மாத்திரையே குடுக்கல இவ."

தம்பி கூடத்தின் நடுவில் படுத்திருந்தார். ஊரில் பாதி லிஃப்டுகளை ஓட வைத்த மெக்கானிக், நேற்று மதியம் நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டார். இப்போது கூடியிருந்தவர்களுக்குத் தேநீர் தட்டோடு வந்த மகள், அத்தையின் பேச்சைக் கேட்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"குடுக்கலதான்," என்றாள் அம்மா. "நாடி நாப்பத்தி நாலுதான் இருந்துச்சு. அம்பதுக்குக் கீழ போனா அன்னிக்குக் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நேத்தும் போன் பண்ணிக் கேட்டேன். வேண்டாம், சாயங்காலம் கூட்டிட்டு வாங்கன்னாரு."

"எண்ணினது நீதானே?"

நேற்றிலிருந்து வாய் திறக்காமல் மகளும் தனக்குள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது.

பீட்டா பிளாக்கர் என்று டாக்டர் சொன்ன அந்த மாத்திரைக்கு அப்பா வைத்த பெயர் பிரேக். நெஞ்சு தலைதெறிக்க ஓடாமல் பிடித்து வைக்கும். பிடித்த பிடியில் கை, கால் சில்லிட்டுப் போகும். தினமும் காலையில் அம்மா அந்தச் சில்லிட்ட மணிக்கட்டைப் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் எண்ணுவாள். எண்ணவிடாமல் குழப்புவதில் அவருக்கு ஒரு சந்தோஷம். "பதினேழு, அறுபத்தி மூணு, எட்டு" என்று காதுக்குப் பக்கத்தில் சொல்வார்.

"மூச்சு விட முடியாத கூட்டத்துல, சண்டைக்கு வர்றவனோட சண்டை போட்டுக்கிட்டே தலை எண்ணினவ நான். நீங்கள்லாம் ஒரு ஆளு," என்பாள் அம்மா. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை பஸ் கண்டக்டர். தெருவுக்கே அவள் கண்டக்டரம்மா. எண்ணிக்கை சரியாக இருந்தால், பஸ்ஸின் பக்கத்தில் தட்டுவதுபோல அவர் புறங்கையில் இரண்டு முறை தட்டுவாள். கிளம்பலாம் என்று அர்த்தம். அப்புறம்தான் மாத்திரை. அப்பாவும் அம்மாவும் கை பிடித்திருந்து மகள் பார்த்தது அந்த ஒரு நிமிடம்தான்.

நேற்று அப்பா எண்களை விட்டுவிட்டுப் பாட ஆரம்பித்தார். மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளும் சேர்ந்து பாடினாள். அம்மா தட்டவில்லை.

"என்ன, எனக்கு டிக்கெட் கிடையாதா?"

"இன்னிக்குக் கிடையாது. சாயங்காலம் டாக்டர்கிட்ட போறோம்."

அதற்காக அம்மா தேய்த்து மாட்டிய சட்டை இன்னும் கதவில் தொங்குகிறது. அந்தப் பாட்டில் எண்ணிக்கை தப்பியிருந்தால் என்ன செய்வது என்று நினைத்து நினைத்து மகளுக்கு ராத்திரி முழுவதும் தூக்கமில்லை. அவளும்தானே சேர்ந்து பாடினாள்.

"உன் கணக்கு தப்பிப் போச்சு. ஒத்துக்க," என்றாள் அத்தை. "உன் கணக்குதான் என் தம்பியக் கொண்டுபோச்சு. பாரு, ஒரு சொட்டுக் கண்ணீர் உண்டா இவளுக்கு?"

அழுகிறவளை ஊர் எப்படியும் மன்னித்துவிடும். ஓரமாக உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தால் பேச்சு அதோடு முடிந்திருக்கும். அம்மா எழுந்து நேராக அத்தையிடம் போனாள்.

"அண்ணி, கையைக் குடுங்க. உங்களுக்கும் இதே மாத்திரைதானே? காலைல போட்டீங்களா?"

"அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்தவளுக்கு மாத்திரை ஞாபகமா வரும்?"

அம்மா மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "இப்பத் திட்டுங்க. நிறுத்தாம திட்டுங்க."

அத்தைக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? கல்யாண நாளில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக எடுத்து வீசினாள். மகள் தட்டை வைத்துவிட்டு, ஆறுதல் சொல்ல வருபவள்போல அந்தப் பக்கம் உட்கார்ந்து அத்தையின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் அம்மாவின் கடிகாரத்தில் இருந்தது. அத்தையின் குரல் ஏற ஏற, விரலுக்கடியில் நாடி துள்ளியது. ஒரு எண்ணைக்கூட விட்டுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினாள்.

"தொண்ணூத்தி எட்டு," என்றாள் அம்மா.

மகள் சொன்னாள், "எனக்கும் தொண்ணூத்தி எட்டுதான் அத்தை. அம்மா கணக்கு தப்பல."

அத்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாத்திரை பையில இருக்கா?" என்று கேட்டு, அம்மாவே எடுத்துக் கொடுத்து, தண்ணீரும் கொடுத்தாள். அத்தை விழுங்கினாள். குரல் இறங்கியிருந்தது.

"நீ கொஞ்சம் அழுதாத்தான் என்ன?"

"எனக்கு வர்றப்ப அழுதுக்கறேன் அண்ணி. நீங்க சொல்லி அழ மாட்டேன்."

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. தூக்குவதற்கு ஆட்கள் உள்ளே வந்தார்கள். அம்மா ஒரு கையைத் தூக்கி அவர்களை நிறுத்தினாள்.

"நேரமாச்சும்மா," என்றார் அவர்களில் ஒருவர்.

"நிக்கட்டும். நான் சொல்லாம எந்த வண்டியும் கிளம்பினதில்ல."

அப்பாவின் அருகில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள். வந்தவர்களில் ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஒரு நிமிஷந்தானேப்பா," என்றாள் அத்தை. "இருங்க."

முள் நகர்ந்தது. எண்ணும்போதெல்லாம் அசையும் அம்மாவின் உதடுகள் அசையவே இல்லை. ஆனாலும் முள் முழுச் சுற்றும் வரும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை, கையை விடவும் இல்லை.

பிறகு அந்தப் புறங்கையில் இரண்டு முறை தட்டினாள்.