வழி: பஸ் நிலையம்

சட்டையின் முதுகைக் காலரிலிருந்து அடிவரை ஒரே போக்கில் கத்தரித்தாள். மருமகள் பதறிப்போய், மாமனாரைக் கிடத்தியிருந்த கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாள்.

"அத்தை, நல்ல சட்டையாச்சே."

"கை விறைச்சுப் போச்சும்மா. மடக்க முடியாது. முன்பக்கமாப் போட்டு முதுகுக்கடியில சொருகிட்டா வெளிய தெரியாது. அந்தத் தோளைப் பிடி."

முப்பது வருஷம் பஜாரில் தையல் கடை நடத்தியவளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நீலச் சட்டை அது. மெஷினைத் தொடாமல் முழுக்கக் கையாலேயே தைத்தது. இந்தக் குடியிருப்புக்கு வந்த இரண்டாம் நாள் அவள் மெஷினில் உட்கார்ந்து ஒரு தலையணை உறை தைத்தாள். மூன்றாம் நாள் சங்கத்துச் செக்ரட்டரி வந்து, செருப்பை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, குரலை இறக்கிச் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க, மோட்டார் சத்தம் பக்கத்து வீட்டு ஹால் வரைக்கும் கேக்குதாம்." அன்றைக்கு மெஷின் மேல் போட்ட துணியை அவள் இன்னும் எடுக்கவில்லை.

காலையில் ஒன்பதேகாலுக்கு அவள் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தார். வழக்கமான நடைக்குக் கிளம்பும் ஏற்பாடு. ஒரு ஷூவுக்கு முடிச்சுப் போட்டுவிட்டு இன்னொன்றுக்குக் குனிந்தவர் நிமிரவில்லை. டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்து, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டு, எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான். முப்பத்து நான்கு வருஷம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்த மனிதர், தன் வண்டியைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துவிட்டார்.

மொத்தம் இருபத்திரண்டு வீடுகள். முன்னால் ஆறு, பின்னால் தோப்பு, நடுவில் ஒரே ஒரு சாலை. அந்தச் சாலையும் கடைசி வீட்டோடு முடிந்துவிடும். பஸ் ஏற ஒரு மைல் நடக்க வேண்டும். கடை கிடையாது. நாய் ஒன்று உண்டு. அதுவும் ஊர் வழக்கம் புரிந்து குரைப்பதை விட்டுவிட்டது. பத்துப் பதினைந்து நிமிஷம் தொலைவில் நகரம் இருக்கிறது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு ஜன்னலோரம் நின்றால் ஆறு போவது தெரியும், ஆனால் கேட்காது. தண்ணீர்கூட இங்கே சத்தம் போடாமல் போகக் கற்றுக்கொண்டது என்று அவள் ஒருமுறை நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

வந்து சேர்ந்த கதை இதுதான். அவர் ஓய்வு பெற்ற வருஷம் அவளுக்கு ஒரு ஆபரேஷன் ஆயிற்று. உடம்பு தேறியதும் அவருடைய நண்பர் ஒருவரின் வீட்டைப் பார்க்க இங்கே கூட்டி வந்தார். அவள் மாடியில் நின்று ஆற்றைப் பார்த்து, "என்ன அமைதியா இருக்கு," என்றாள். விருந்தாளியாகப் போன இடத்தில் வேறென்ன சொல்வது. இரண்டு மாதம் கழித்து அவர் சாவியைக் கையில் கொடுத்தார். கடைக்கு மேலிருந்த பழைய வீட்டை விற்றாகிவிட்டது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆயுள் முழுக்க ஹாரன் சத்தத்தில் கிடந்த மனிதர், கடைசிக் காலத்திலாவது காது குளிர இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஐந்து வருஷம் நான்கு மாதம். பஜாரில் ஒரு நாளைக்கு நாற்பது பேர் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். இங்கே வந்தபின் தன் குரலே தனக்கு மறந்துவிடுமோ என்று பயந்து, சமையலறையில் தனியாகப் பேசிப் பார்த்தாள். காலை ஒன்பதரைக்கு அவர் ஆற்றோரம் நடக்கப் போவார். இரண்டு மணிக்குத் திரும்பிச் சாப்பிட்டுத் தூங்குவார். அந்த நாலரை மணி நேரம் அவளுக்கு நாலரை வருஷம். ஒருநாள் அவர் சட்டையைத் துவைக்கும்போது டீசல் வாசம் அடித்தது. கேட்டதற்கு, "மணல் லாரி," என்றார்.

மகன் பன்னிரண்டு மணிக்கு வந்து சேர்ந்தான். அழுது முடித்த கையோடு போனை எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தான். நல்ல பிள்ளை, எதையும் அரைகுறையாக விடமாட்டான். மயானத்தில் நாலரைக்கு நேரம் கொடுத்திருந்தார்கள்.

இரண்டு மணிவாக்கில் வாசலில் மூன்று பேர் தயங்கி நின்றார்கள். காக்கிச் சட்டை போட்ட இரண்டு கண்டக்டர்கள். கூட ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பஸ் நிலையத்தில் மைக்கில் அறிவிப்புச் செய்கிறவள். அவளுக்கு அங்கே மைக் அக்கா என்று பேர். நேராக வந்து இவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பத்தரைக்கெல்லாம் வந்துருவாரும்மா. பதினொண்ணு ஆச்சு, பதினொண்ணரை ஆச்சு, ஆளக் காணோம். போன் போட்டா உங்க பையன் எடுத்துச் சொன்னாரு."

"எங்க வந்துருவாரு?"

மைக் அக்கா கொஞ்சம் விழித்தாள். "நம்ம ஸ்டாண்டுக்குத்தான். பழைய ரூம்ல அவரு சேர் இன்னும் கிடக்குது. அதுல உக்காந்துகிட்டு, வர்ற டிரைவரையெல்லாம் ஆறு நிமிஷம் லேட்டு, எட்டு நிமிஷம் லேட்டுன்னு திட்டுவாரு. புது டைம் கீப்பரு பாவம், சின்னப் பையன், பயந்து நடுங்குவான். நான் வேகமா வாசிக்கிறேன்னு எனக்கும் திட்டு விழும்."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழமை வரமாட்டாரு. அன்னிக்கும் வந்தா நீங்க சந்தேகப்படுவீங்கன்னு சொல்வாரு."

கோபம்தான் முதலில் வந்தது. செத்துக் கிடக்கிறவர் மேல் வரக் கூடாத அளவுக்குக் கோபம் வந்தது. தன்னை இந்த ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, இவர் மட்டும் தினமும் போய் அந்தச் சத்தத்தில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார். என்னையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே என்று கட்டிலைப் பார்த்து மனசுக்குள் கேட்டாள்.

மைக் அக்கா தன் போக்கில் சொல்லிக்கொண்டே போனாள். "நான்கூடக் கேட்டேம்மா. இவ்ளோ தூரம் வந்து போறதுக்குப் பேசாம இங்கயே ஒரு வீடு பாருங்களேன் சார்னு. சேச்சே, என் வீட்டம்மாவுக்கு அந்த ஆத்தங்கரைன்னா உசுரு. காலம் பூரா பஜார் இரைச்சல்ல மெஷின் மிதிச்சவ. அவ நிம்மதியக் கெடுக்க மாட்டேன். எனக்கென்ன, பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டுப் போறேன்னு சொன்னாரு."

இவள் தன் கையை உருவிக்கொண்டாள். குடிக்கத் தண்ணீர் கேட்டாள். மருமகள் கொண்டுவந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். நாளைக்கே இந்த வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று காலையிலிருந்து அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அழுகைக்கு நடுவில்கூட அது நிற்கவில்லை. இப்போது எந்த வாயால் சொல்வது? எனக்கு இந்த இடம் பிடிக்கவே இல்லை என்றால், அந்த மனிதர் ஐந்து வருஷம் பல்லைக் கடித்தது எதற்கு என்றாகிவிடும். வந்த மூவரும் அதைப் பஸ் நிலையம் முழுக்கப் போய்ச் சொல்வார்கள்.

மூன்று மணிக்குச் செக்ரட்டரி நான்கைந்து பேரோடு வந்தார். துக்கத்தையும் அவர் மெதுவாகத்தான் விசாரித்தார். மகன் எழுந்து நின்று பேசினான். நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி.

"அப்பா அம்மாவுக்காகத்தான் இந்த வீட்ட வாங்கினாரு. அம்மா கடைசி வரைக்கும் இங்கதான் இருப்பாங்க. மாசம் ரெண்டு தடவ நாங்க வந்து பாத்துக்குவோம். கூட ஒரு ஆளையும் வைக்கப் போறேன்."

"சங்கத்து சார்பா ஆத்தோரமா ஒரு பெஞ்சு போடலாம்னு இருக்கோம்," என்றார் செக்ரட்டரி. "சார் பேர்ல. தினமும் நடந்த பாதைதானே. அம்மா சாயங்காலத்துல வந்து உக்காந்துக்கலாம்."

மைக் அக்கா தலை குனிந்து சேலைத் தலைப்பின் நூலை இழுத்தாள். எல்லோரும் இவளைப் பார்த்தார்கள். இவள் தலையை ஆட்டினாள். ஆட்டிய பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. ஐந்து வருஷத்துக்கு முன் மாடியில் நின்று செய்த அதே காரியம். இந்த முறை தன்னோடு மாட்டிக்கொள்ள ஒரு துணையும் இல்லை.

மூன்றே முக்காலுக்கு வண்டி வந்தது. உள்ளே ஹாரன் அடிக்கக் கூடாது என்று வாசலிலேயே டிரைவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவரை ஏற்றி, இரண்டு பக்கத்து நீள இருக்கைகளில் அவளும் மகனும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். வண்டி சத்தமில்லாமல் சாலை முனை வரை வந்து நின்றது.

"ஆத்தங்கரை ரோட்டுலயே போயிரலாமுங்களா? பதினஞ்சு நிமிஷம்," என்றான் டிரைவர்.

"ஆமா, அப்படியே போ," என்றான் மகன்.

"வேண்டாம்," என்றாள் அவள். "டவுனுக்குள்ள போ. பஸ் ஸ்டாண்டு வழியா."

"அம்மா, அங்க இந்நேரம் ஜாம் ஆகியிருக்கும். நாலரைக்கு டைம் குடுத்திருக்காங்க. லேட்டாயிடும்."

"முப்பத்தி நாலு வருஷம் ஒரு வண்டியையும் லேட்டா விடாத மனுஷன். இன்னிக்கு ஒரு நாள் லேட்டாப் போகட்டும்."

டிரைவர் கண்ணாடியில் மகனைப் பார்த்தான். வண்டி இடது பக்கம் திரும்பியது.

பாலத்தைத் தாண்டியதும் நகரம் வந்துவிட்டது. முதலில் ஒரு வெல்டிங் பட்டறை, பிறகு பள்ளிக்கூடம் விட்ட கூட்டம், பிறகு கடைகள். பஸ் நிலையத்து வாசலில் வண்டி அசையாமல் நின்றது. முன்னால் மூன்று பஸ், பின்னால் எத்தனை என்று தெரியவில்லை. ஒருவன் கதவைத் தட்டிக்கொண்டு ஊர்ப் பெயர்களைக் கூவினான். யாரோ யாரையோ சில்லறைக்காகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மகன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு தன் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினான். அவள் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுசாக இறக்கினாள். வெயிலும் டீசல் புகையும் சத்தமும் ஒன்றாக உள்ளே வந்தன.

"எப்படித்தான் அப்பா இதுக்குள்ள இருந்தாரோ," என்றான் மகன். "நல்லவேளை, கடைசிக் காலத்துல நிம்மதியா இருந்தாரு."

"நிம்மதின்னு யாருடா சொன்னா?"

மகன் நிமிர்ந்து பார்த்தான்.

"எனக்கு அந்த வீடு புடிக்கலடா. வந்த அன்னிலேருந்தே புடிக்கல. உங்கப்பாவுக்கும் புடிக்கல. தினமும் இங்கதான் வந்து உக்காந்திருக்காரு. எனக்காக அவரு வாயத் தொறக்கல, அவருக்காக நான் தொறக்கல. நான் திரும்பி அங்க போகமாட்டேன். பெஞ்சும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இந்தத் தெருவுல மாடியில ஒரு ரூம் போதும்."

மகன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். "அஞ்சு வருஷமா?" என்றான்.

"அஞ்சு வருஷம் நாலு மாசம்."

முன்னாலிருந்த பஸ்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து வழி திறந்தது. டிரைவர் கியரைப் போட்டான்.

"கொஞ்சம் நில்லுப்பா," என்றாள்.

"பின்னாடி பஸ்காரங்க திட்டுவாங்கம்மா."

"திட்டட்டும்."

டிரைவர் ஒரு நிமிஷம் யோசித்து, இன்ஜினை அணைத்துவிட்டான். பின்னாலிருந்து ஒரு ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. பிறகு எத்தனை என்று பிரிக்க முடியாதபடி மொத்தமாக அடிக்கத் தொடங்கின. மகன் கையை நீட்டித் தன் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கினான்.